நீர் கூடும் துறை: எச்சூக்காவின் வரலாறு

ஆற்றங்கரையிலே ஊர் எழுவது உலகத்து இயல்பு. நீரும் நிலமும் வழியும் ஓரிடத்தில் ஒருங்கே வாய்க்குமாயின் மனிதர் அங்கே தங்குவர். தங்கியவர் பண்டம் மாற்றுவர். பண்டம் மாறும் இடம் காலப்போக்கிலே பட்டினமாகும். நைல் நதிக்கரைக்கும் காவிரிக்கரைக்கும் பொருந்தும் இவ்வுண்மை, வறண்ட கண்டம் என்று பெயர்பெற்ற அவுஸ்திரேலியாவுக்கும் பொருந்துவதே. அக்கண்டத்தின் தென்கிழக்கிலே, மரே என்னும் பேராற்றின் தென்கரையில், எச்சூக்கா என்றொரு நாட்டுப்புறப் பட்டினம் இருக்கின்றது. விக்டோரியா மாநிலத்தின் தலைநகராகிய மெல்பேர்ணிலிருந்து வடக்கே ஏறத்தாழ 220 கிலோமீற்றர் சென்றால் அதனை அடையலாம். கடலைக் கண்ணாற் காணாத அவ்வூர், ஒரு காலத்தில் விக்டோரியாவின் இரண்டாவது பெரிய துறைமுகமாய் விளங்கியது என்றால், கேட்போர்க்கு வியப்பாகவே இருக்கும்.

எச்சூக்கா என்பது ஆங்கிலச் சொல்லன்று. அந்நிலத்தின் தொல்குடியினராகிய யோர்ட்டா யோர்ட்டா மக்களின் மொழியில் அது ‘நீர்கள் கூடுமிடம்’ எனப் பொருள்படும். பெயர் பொருத்தமானதே. கம்பஸ்பி ஆறு மரே ஆற்றோடு கலப்பது அவ்வூரிலேதான். கோல்பேர்ண் ஆறு கலப்பதும் அங்கிருந்து அண்மையிலேதான்.

மரே ஆறு இவ்வழியாக ஓடத் தொடங்கிய கதை மிகப் பழையது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தில் ஒரு பிளவு உண்டாகி, அதன் ஒரு பக்கம் மேலெழுந்தது. மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஆறு தன் வழி அடைபட்டு, தேங்கிப் பரந்து, ஈற்றில் தெற்கே திரும்பி வேறு வழி கண்டது. அவ்வாறு நீர் பரந்து தேங்கிய தாழ்நிலத்திலேதான் பார்மா என்னும் பெருங்காடு வளர்ந்தது. ‘ரெட் கம்’ எனப்படும் யூக்கலிப்டஸ் இன மரங்கள் நிறைந்த அக்காடும், அதனையடுத்து வடகரையிலுள்ள மில்லெவாக் காடும் சேர்ந்து, அவ்வகைக் காடுகளுள் உலகிலேயே மிகப் பெரியதாய் அமைந்துள்ளன. ஆண்டுதோறும் வெள்ளம் காட்டினுட் புகும்போது மீனும் நீர்ப்பறவையும் பெருகும். யோர்ட்டா யோர்ட்டா மக்கள் அவ்வளத்தை நம்பி வாழ்ந்தனர். நின்ற மரத்திலிருந்து பட்டையை ஒரே துண்டாக உரித்துத் தோணி செய்துகொண்டனர். அவ்வாறு பட்டை உரிக்கப்பட்ட வடுவைத் தாங்கிய முதுமரங்களை இன்றும் அக்காட்டிலே காணலாம். எச்சூக்காவின் முதல் தோணித்துறை அவர்களுடையதே.

1840ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் ஆட்டு மந்தைகளோடு ஆற்றங்கரைக்கு வந்துசேர்ந்தனர். மந்தைகளை அக்கரை சேர்ப்பதற்குத் துறை வேண்டியிருந்தது. வடகரையில் மோவாமா என்று இன்று வழங்கும் இடத்திலே ஜேம்ஸ் மெய்டன் என்பவர் முதலில் ஒரு துறையை நடத்தினார். பின்னர், 1850ஆம் ஆண்டளவில், தென்கரையிலே ஹென்றி ஹொப்வூட் என்பவர் தோன்றினார். இவர் இங்கிலாந்திலிருந்து 1834இல் தஸ்மேனியாத் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதி. தண்டனைக் காலம் கழிந்தபின் மரே ஆற்றங்கரைக்கு வந்து, கிழக்கிலங்கை மக்கள் ‘பாதை’ என்று சொல்வார்களே, அத்தகைய மிதவையொன்றை ஆற்றிலே விட்டார். அவ்விடத்துக்கு ‘ஹொப்வூட்டின் பாதை’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

காலம் அவருக்குக் கைகொடுத்தது. 1851இல் விக்டோரியாவிலே பொன் கண்டெடுக்கப்பட்டது. பென்டிகோப் பொற்சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவர்களுக்கு இறைச்சி வேண்டியிருந்தது. வடக்கிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடும் ஆடும் ஹொப்வூட்டின் துறையைக் கடந்தே தெற்கே செல்லவேண்டியிருந்தது. ஒவ்வொரு தலைக்கும் அவர் கூலி வாங்கினார், மிதவைப் பாலம் அமைத்தார், விடுதி கட்டினார். கைதியாய் வந்தவர் ஒரு பட்டினத்தின் தந்தை எனப் பெயரெடுத்து 1869இல் மறைந்தார். அவர் எழுப்பிய ‘பிரிட்ஜ் ஹோட்டல்’ இன்றும் அவ்வூரில் நிற்கின்றது.

இக்காலத்திலேயே ஆற்றிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. 1853இல் வில்லியம் ரண்டல் என்பவரின் ‘மேரி ஆன்’, பிரான்சிஸ் கடெல் என்பவரின் ‘லேடி ஒகஸ்டா’ என்னும் இரண்டு நீராவிக் கப்பல்கள் தென் அவுஸ்திரேலியாவிலிருந்து மரே ஆற்றில் எதிர்நீச்சலிட்டு ஏறின. இரு பக்கமும் பெருஞ்சக்கரம் சுழன்று நீரைத் தள்ள, அவற்றின் விசையாற் செல்லும் கப்பல்கள் அவை. ரண்டலின் கப்பல் மோவாமா வரை வந்துசேர்ந்தது. ஆற்றின் வழியாகப் பண்டம் ஏற்றலாம் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயினும் எச்சூக்காவைத் துறைமுகமாக்கியது கப்பல் மட்டுமன்று. புகையிரதமும் சேர்ந்தே அதனைச் செய்தது. மரே ஆறு மெல்பேர்ணுக்கு மிக அண்மையில் வரும் இடம் எச்சூக்கா. 1864இல் மெல்பேர்ணிலிருந்து பென்டிகோ வழியாகப் புகையிரதப் பாதை அங்கு வந்து முடிந்தது. மாட்டுவண்டியில் மாதக்கணக்கில் இழுபட்ட கம்பளிப் பொதிகள் இனிக் கப்பலேறி வந்து, எச்சூக்காவில் இறங்கி, புகையிரதத்தில் ஏறிக் கடற்கரையை அடையலாம் என்றாயிற்று. மரே, மரம்பிஜி, டார்லிங் ஆகிய மூன்று ஆறுகளின் கரைகளிலிருந்தும் கம்பளி வந்து குவிந்தது. அவற்றுட் பெரும்பகுதி நியூ சவுத் வேல்ஸ் நிலத்திலே விளைந்தது. ஆயினும் அதன் இலாபம் சிட்னியைச் சேராமல் மெல்பேர்ணைச் சேர்ந்தது.

1865 தொடக்கம் துறைமேடை கட்டப்பட்டது. ஆற்றின் குணமறிந்து கட்டிய மேடை அது. குளிர்காலத்து மழையாலும், பின்னர் மலைப்பனி உருகுவதாலும் ஆறு பெருகும்; கோடையின் முடிவிலே வற்றிச் சுருங்கும். உயர்ந்த நீருக்கும் தாழ்ந்த நீருக்கும் இடையே பல மீற்றர் வேறுபாடு. ஆதலின் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள் அமைத்து, நீர் எந்த மட்டத்தில் நிற்பினும் கப்பல் அணையக்கூடியதாகச் செய்தனர். மேடை முழுவதும் ரெட் கம் மரத்தாலானது. நீரில் எளிதிற் கெடாத அம்மரம் பார்மாக் காட்டிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்டது. படிப்படியாக நீட்டப்பட்ட அம்மேடை 1880ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 332 மீற்றர் நீளம் பெற்றது. கம்பளிப் பொதிகளை மலைபோல் அடுக்கிய வத்தைகளை இழுத்துக்கொண்டு கப்பல்கள் வந்துசேர, அவற்றைத் தூக்கிப் புகையிரதப் பெட்டிகளில் வைப்பதற்குப் பாரந்தூக்கிகள் ஓயாது இயங்கின. கப்பல் கட்டுவோரும், மரம் அரிவோரும், கொல்லரும் ஊரிலே பெருகினர். மதுச்சாலைகளும் குறைவின்றிப் பெருகின.

இவ்வாழ்வு நெடுங்காலம் நிலைக்கவில்லை. தன் நிலத்துக் கம்பளி அயலவன் துறைக்குச் செல்வதை நியூ சவுத் வேல்ஸ் பார்த்துக்கொண்டிருக்குமா? 1882இல் மரம்பிஜிக் கரையிலுள்ள ஹேய்க்கும், 1885இல் டார்லிங் கரையிலுள்ள பேர்க்குக்கும் அதன் புகையிரதங்கள் சென்றன. ஆற்றையோ முற்றாக நம்பமுடியாது. டார்லிங் வற்றினால் கப்பல்கள் மாதக்கணக்கில் சேற்றிலே கிடக்கும். புகையிரதத்துக்கு அவ்விடர் இல்லை. 1890ஆம் ஆண்டுகளின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து வருத்தவே, எச்சூக்காவின் வணிகம் தளர்ந்தது. ஊரை உயர்த்திய புகையிரதமே ஊரைத் தாழ்த்தியது என்பதில் ஓர் ஊழ்வினை இருக்கின்றதன்றோ? கம்பளி குறைந்தபின் கப்பல்கள் மரக்குற்றிகளை இழுத்தன. ஈற்றில், இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே, 1944இல், மெல்பேர்ணின் விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்ப்பதற்காக அத்துறைமேடையின் பெரும்பகுதி பிரித்தெடுக்கப்பட்டது.

எஞ்சிய பகுதியே இன்று ஊரின் பெருமை. எச்சூக்காவுக்கு வருவோர் முதலில் அங்கேதான் அழைத்துச் செல்லப்படுவர். 1866இல் அவ்வூரிலேயே கட்டப்பட்ட ‘அடிலெயிட்’ என்னும் கப்பல் இன்னும் நீரில் ஓடுகின்றது. இயங்கும் நிலையிலுள்ள மரவுடற் சக்கரக் கப்பல்களுள் உலகிலேயே பழையது இது என்பர். 1911இல் கட்டிய ‘பெவன்சி’யும், 1923இல் கட்டிய ‘அலெக்சாண்டர் ஆர்பத்நொட்’டும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. கொதிகலனுக்கு விறகிட்டு, ஊதல் ஒலித்து, சக்கரம் நீரை அடித்துச் செல்லும் காட்சியைக் காண ஆண்டுதோறும் பெருந்தொகையானோர் வருகின்றனர். மேடையின் அடித்தட்டில் இறங்கி, பருத்த தூண்களிடையே நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு, ஒரு காட்டையே கொண்டுவந்து நட்டதுபோன்ற தோற்றம் புலப்படும்.

இவ்வளவோடு எச்சூக்காவின் வரலாறு முடிந்துவிடுமாயின் அது ஒரு வணிக ஊரின் கதையாக மட்டுமே அமையும். ஆனால் அத்துறைமேடையில் நின்று கப்பல்கள் சென்ற திசைக்கு எதிராக, ஆற்றின் மேற்புறத்தை நோக்கினால், வேறொரு கதை விரியும். ஆட்டு மந்தையும், மரம் வெட்டுவோரும், மதுவும், அம்மை முதலிய கொள்ளைநோய்களும் யோர்ட்டா யோர்ட்டா மக்களின் வாழ்வைக் குலைத்திருந்தன. துறை வளர வளர, அவர்கள் அதன் ஓரத்திலே வறியவராயினர்.

எச்சூக்காவிலே கடை வைத்திருந்த டானியேல் மத்தியூஸ் என்பவர் இந்நிலை கண்டு உள்ளம் நொந்தார். கப்பலுக்கு வேண்டிய பொருள்களை விற்றுவந்த அவர், ஊருக்கு மேலே வடகரையிலிருந்த மலோகா என்னும் இடத்தில், 1874இல், தம் மனைவியார் ஜெனற்றுடன் சேர்ந்து தொல்குடி மக்களுக்கென ஒரு குடியிருப்பையும் பாடசாலையையும் தொடங்கினார். 1881இல் மலோகாவைச் சேர்ந்த 42 ஆடவர் நியூ சவுத் வேல்ஸ் தேசாதிபதிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினர். தங்கள் நிலம் முழுவதும் எடுத்துக்கொள்ளப்பட்டது என்றும், வேட்டைக்காடுகள் ஆட்டு மேய்ச்சலாயின என்றும், உழுது வாழ்வதற்குச் சிறிது நிலம் வேண்டும் என்றும் அதிலே வேண்டிக்கொண்டனர்.

அதே ஆண்டில் அப்பாடசாலைக்கு ஓர் இளைஞர் வந்தார். தோமஸ் ஷட்ராக் ஜேம்ஸ் என்பது அவர் பெயர். 1859இல், மொரிசியஸ் தீவிலே, இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மெல்பேர்ணுக்கு வந்திருந்த அவர், மத்தியூஸைச் சந்தித்து, அவருடைய பணியைக் கேள்வியுற்று, கற்பிக்க முன்வந்தார். தொடக்கத்தில் அவருக்குச் சம்பளமில்லை. 1885இல் யோர்ட்டா யோர்ட்டாப் பெண்ணாகிய அடா கூப்பரை மணந்தார். பிறநாட்டினராய் வந்தவர் அம்மக்களுள் ஒருவரானார். 1888இல் அம்மக்களிற் பலர் மலோகாவை விட்டு, ஆற்றின் மேற்புறத்திலிருந்த கம்மரகுஞ்சா என்னும் இடத்திற் குடியேறியபோது, ஜேம்ஸும் உடன்சென்றார். மலோகாவிலும் கம்மரகுஞ்சாவிலுமாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் கற்பித்தார்.

அப்பாடசாலைக் கட்டடம் எளியது, மாணவரோ வறியவர். தொல்குடிப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்விக்கு மேல் வேண்டியதில்லை என்று ஆட்சியாளர் எண்ணிய காலம் அது. ஜேம்ஸ் அவ்வாறு எண்ணவில்லை. பகலில் சிறுவர்க்கும், மாலையில் முதியோர்க்கும் எழுத்தும் வாசிப்பும் கற்பித்தார். அரசுக்கு எவ்வாறு எழுதுவது, சபையிலே எவ்வாறு பேசுவது, சட்டம் என்ன சொல்கின்றது என்பனவற்றை அவர் மாணவர் அறிந்தனர். அங்கே கற்றோர் பின்னாளில் என்ன ஆயினர் என்பதைப் பார்த்தால் அக்கல்வியின் தரம் விளங்கும்.

அடாவின் சகோதரராகிய வில்லியம் கூப்பர் அவர்களுள் ஒருவர். கம்பளி கத்தரித்தும் கூலிவேலை செய்தும் முதுமையெய்திய அவர், 1930ஆம் ஆண்டுகளில் மெல்பேர்ணிலே அவுஸ்திரேலியத் தொல்குடியினர் கழகத்தை அமைத்தார். தம் மக்களுக்குப் பாராளுமன்றத்தில் ஓரிடம் வேண்டுமென 1800க்கு மேற்பட்டோரின் ஒப்பம் பெற்று, மன்னருக்கு விண்ணப்பம் எழுதினார். அதனை மன்னருக்கு அனுப்புவதில்லை என்று 1938இல் அமைச்சரவை தீர்மானித்தது. அவ்வாண்டு டிசெம்பர் 6ஆம் திகதி, ஜெர்மனியில் யூதருக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டித்து ஒரு கடிதத்துடன் அவர் தலைமையிலே ஒரு குழு மெல்பேர்ணிலிருந்த ஜெர்மன் துணைத்தூதரகத்துக்குச் சென்றது, கடிதம் ஏற்கப்படவில்லை. தம் நாட்டிலே உரிமையற்றிருந்த ஒரு முதியவர், கண்டங்கடந்த பிறிதோர் இனத்துக்காகக் கதவைத் தட்டினார் என்பது எண்ணியெண்ணிப் போற்றத்தக்கது. ஜேம்ஸின் மற்றொரு மாணவர் டக்லஸ் நிக்கல்ஸ். கம்மரகுஞ்சாவில் 1906இற் பிறந்து, உதைபந்தாட்ட வீரராயும் போதகராயும் விளங்கி, 1976இல் தென் அவுஸ்திரேலியாவின் தேசாதிபதியானார். தொல்குடியினருள் அப்பதவியை ஏற்ற முதல்வர் அவரே.

கம்மரகுஞ்சாவின் வாழ்வோ மேலும் கடினமாகிக்கொண்டு சென்றது. அம்மக்கள் காடழித்துப் பயிரிட்ட சிறு நிலங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களிடமிருந்து திரும்ப எடுக்கப்பட்டன. பிள்ளைகள் தாய்தந்தையரிடமிருந்து பிரித்துக் கொண்டுசெல்லப்பட்டனர். உணவும் மருத்துவமும் குறைந்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மக்கள், 1939 பெப்ரவரி 4ஆம் திகதி, மூட்டை முடிச்சுகளுடன் குடியிருப்பை விட்டு வெளியேறினர். மரே ஆற்றைக் கடந்து பார்மாவிலே தங்கினர். ஆறு இங்கே இரு மாநிலங்களின் எல்லை. நீர் முழுவதும் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்தது. தென்கரையில் ஏறினால் விக்டோரியா. வடகரையின் அதிகாரிக்குத் தென்கரையில் ஆணை செல்லாது. முன்னொரு காலத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கூலி கொடுத்துக் கடந்த ஆற்றை, ஏறத்தாழ இருநூறு மக்கள் மானத்தின் பொருட்டுக் கடந்தனர். பலர் பின்னர் திரும்பவில்லை. எச்சூக்கா, ஷெப்பர்ட்டன், மெல்பேர்ண் முதலிய இடங்களிற் குடியேறினர். ஜேம்ஸ் 1946இற் காலமானார்.

விண்ணப்பங்களின் கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. யோர்ட்டா யோர்ட்டா மக்கள் தம் நிலவுரிமையை நிலைநாட்ட வழக்குத் தொடுத்தனர். 1998இல் தீர்ப்பளித்த நீதிபதி, வரலாற்றின் அலை அவ்வுரிமையை அடித்துச் சென்றுவிட்டது என்னும் கருத்துப்பட எழுதினார். முதியோர் வாய்மொழியாகக் கூறிய சான்றினும், 1841இல் அங்கு வந்து மந்தை வளர்த்த எட்வேர்ட் கேர் என்னும் வெள்ளையர் எழுதிவைத்த நூலுக்கு அவர் அதிக மதிப்பளித்தார். நிலம் பறிபோயிற்று என்று 1881இல் அம்மக்கள் முறையிட்ட விண்ணப்பமும், அவர்கள் தொல்வாழ்வைக் கைவிட்டமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. நிலம் கேட்டு எழுதிய ஏடே நிலம் இல்லை என்பதற்குச் சாட்சியாயிற்று! 2002இல் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. எழுதப்பட்ட ஏட்டை எவர் வாசிக்கின்றார், எக்கண்கொண்டு வாசிக்கின்றார் என்பதைப் பொறுத்தே வரலாறு பேசுகின்றது என்பதற்கு இதனிலும் தெளிந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

எனினும் முழுதும் இழப்பாகிவிடவில்லை. கம்மரகுஞ்சா நிலம் 1984இல் யோர்ட்டா யோர்ட்டா மக்களின் நிலமன்றத்துக்கு உரித்தாயிற்று. 2010இல் பார்மாக் காடு தேசிய பூங்காவாக்கப்பட்டபோது, அதனைப் பேணும் பொறுப்பில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. அந்த வெளியேற்றத்தைப் பொருளாகக் கொண்ட இசைநாடகம் ஒன்றும் அவ்வாண்டிலேயே அரங்கேறியது. அதனை இயற்றியவர் யோர்ட்டா யோர்ட்டாப் பாடகி டெபோரா சீத்தம். எச்சூக்காவிலும் ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரிகின்றது. 1870ஆம் ஆண்டுகளின் இறுதியில் மரே ஆற்றின் மேல் அமைத்த இரும்புப் பாலத்துக்குத் துணையாக, 2022இல் புதிய பாலமொன்று திறக்கப்பட்டது. அதற்கு ‘துங்காலா’ எனப் பெயரிட்டனர். மரே ஆற்றுக்கு யோர்ட்டா யோர்ட்டா மக்கள் வழங்கிய பெயர் அதுவே. இலண்டனிலிருந்த ஓர் அமைச்சரின் பெயரால் இருநூறாண்டளவாக வழங்கிவரும் ஆற்றின் பழம்பெயரை, நாள்தோறும் பாலத்தைக் கடப்போர் இன்று பலகையிலே வாசிக்கின்றனர்.

எச்சூக்காவுக்குச் செல்வோர் கப்பலிலும் ஏறிப் பார்த்தல் வேண்டும். துறைமேடையையும் காணல் வேண்டும். ஓர் ஆற்றையும் ஒரு புகையிரதத்தையும் இணைத்து நாட்டின் செல்வத்தை ஆண்டவர்களின் திறமை அங்கே மரத்திலும் இரும்பிலும் எழுதப்பட்டிருக்கின்றது. அதன்பின் ஆற்றின் மேற்புறம் நோக்கிச் சில மணிநேரம் செலவிட்டு, பார்மாக் காட்டின் வடுப்பட்ட மரங்களையும், ஆற்றுக்கு அப்பாலுள்ள கம்மரகுஞ்சாவின் கரையையும் கண்டு திரும்புதல் நன்று. துறையிலிருந்து புறப்பட்ட கம்பளிப் பொதிகள் விற்று முடிந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அந்தச் சிறு பாடசாலையில், விளக்கொளியிலே ஒருவர் கற்பித்த எழுத்தின் பயனோ அவர் மாணவரோடும் நின்றுவிடவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்றும் தம் முன்னோர் எழுதிய விண்ணப்பங்களைக் கையிலெடுத்து வாசிக்கின்றனர்.